எழுபது கிலோ ஆள்

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பேர் 'எழுபது'. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சம்பளம் போடுகிறவர்கூட அதைப் பார்த்துவிட்டு யார் இந்த ஆள் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

பேர் வந்த கதை சின்னதுதான். புதிதாக ஒரு லிஃப்ட்டை மாட்டினால், சனங்கள் ஏறுவதற்கு முன் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் போகிற லிஃப்ட்டுக்கு ஐந்நூற்றைம்பது கிலோ. அதுவரை வாயைத் திறக்காமல் போக வேண்டும். அதற்கு மேல் நாலைந்து கிலோ ஏறினாலும் கத்த வேண்டும், கதவை மூட மறுக்க வேண்டும். கம்பெனியிடம் இருந்ததோ இருபது கிலோ இரும்புக் கட்டிகள். இருபத்துநாலு கட்டி அடுக்கினால் நானூற்றெண்பது, மிச்சம் எழுபது. பொத்தானை அமுக்க எப்படியும் ஓர் ஆள் உள்ளே நின்றாக வேண்டுமே! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம்மவரை நிறுத்துப் பார்த்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றிலிருந்து இருபத்துநாலு கட்டியும் அவரும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கமாகிவிட்டது. கட்டிகளை அடுக்கி முடித்ததும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரிசு வாங்க மேடை ஏறுகிறவர்போல உள்ளே போய் நிற்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் மற்ற வேலையெல்லாம் செய்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து ஒரு நாள் ஒரு லிஃப்ட் கத்திவிட்டது.

ஆறு மாடிக் கட்டடம், புத்தம் புது லிஃப்ட். இருபத்துநாலு கட்டி இருக்கிறது, இவர் காலை உள்ளே வைக்கிறார், உடனே ஒரு கூச்சல். வெளியே வந்தால் அமைதி, உள்ளே போனால் மறுபடி கூச்சல். சென்சார் போச்சு என்றார் எழுபது. லிஃப்ட்டின் தரைக்கு அடியில் பாரத்தை அளக்கிற சின்னக் கருவிதான் சென்சார். அதைக் கழற்றி வேறொன்று மாட்டினார். கத்தியது. அதையும் கழற்றி மூன்றாவது ஒன்றை மாட்டினார். முன்னதைவிடச் சத்தமாகக் கத்தியதுபோல அவருக்குப் பட்டது. மூன்று நாள் மண்டை காய்ந்து போனார். சென்சார் செய்கிற தொழிற்சாலைக்கு, நீங்கள் செய்வது கருவியா விளையாட்டுச் சாமானா என்று காரசாரமாக ஒரு கடிதமே எழுதிவிட்டார்.

கூட வேலை பார்க்கிற வெல்டர் நல்ல மனுஷன், ஒல்லி. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சும்மா, காற்று வாங்கப் போகிறவர்போல, உள்ளே போய் நின்றார். லிஃப்ட் மூச்சு விடவில்லை. கதவு அழகாக மூடியது. மேலே போய்க் கீழே வந்தது. வெல்டர் வெளியே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் எழுபதைப் பார்த்தார்கள். எழுபது சுவரைப் பார்த்தார்.

பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் மேடைத் தராசு ஒன்று இருந்தது. ஏறி நின்றால் எண்பத்துநாலு என்றது. இதுவும் கெட்டுப்போயிருக்கு என்று எழுபது சொன்னார். வெல்டர் ஓர் இரும்புக் கட்டியைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். இருபது என்று காட்டியது. இரும்பு எதற்குப் பொய் சொல்லப்போகிறது? ஆக, மூன்று நாளாகச் சரியாக வேலை செய்தது அந்த லிஃப்ட் ஒன்றுதான். தொழிற்சாலைக்குப் போன கடிதத்தை நினைத்தபோது அவருக்குக் காது மடல்வரை சுட்டது.

பதினாலு கிலோ எப்படி வந்தது என்று கேட்டால், வேலையோடு வேலையாக வந்தது. ஒன்றரை வருஷமாகக் கம்பெனிக்கு ஓயாத வேலை. பராமரிக்கிற கட்டடம் ஐந்திலிருந்து பதினெட்டாகியிருந்தது. அத்தனையும் பழைய லிஃப்ட், பாரம் ஏற்றிப் பார்க்கிற வேலையே இடையில் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கும். யாரோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். அந்த இடத்தை பிஸ்கட் பாக்கெட்டும் சர்க்கரை தூக்கலான டீயும் பிடித்துக்கொண்டன. தூக்கம் அரையும் குறையும். எங்கே போனாலும் அவர் லிஃப்ட்டில்தான் ஏறுவார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிக் கொடுக்கிறவர் படியில் ஏறுவாரா?

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். மூன்று மாதத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று முடிகிறது, அரசாங்க இன்ஸ்பெக்டர் அம்மா நேரில் வருகிறார் என்றார்.

"அன்னைக்கு தராசுல நிறுத்துப் பாப்பேன். எழுபது இருந்தா நீங்க உள்ள போங்க. இல்லன்னா வெல்டர் போகட்டும். அவருக்கு ஒன்றரைக் கிலோதான் குறையுது, பாக்கெட்ல ரெண்டு ஸ்பானரப் போட்டா சரியாப் போயிடும்."

அன்று சாயங்காலமே இரண்டு பேர் வெல்டரைப் 'புது எழுபது' என்று கூப்பிட்டதை நம்மவர் தன் காதால் கேட்டார். பன்னிரண்டு வருஷப் பேர்! அது கைவிட்டுப் போனால் தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் தைத்த துணிதான். இவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓர் அத்தாட்சியும் காட்டினார். பதினாலு கிலோ ஏறியிருந்தால் பேன்ட் இறுக்காதா? இதோ பார், அதே பழைய பேன்ட், இறுக்கவே இல்லை!

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்தாள், கடித்த நூலையே மறுபடி கடித்தாள்.

"நான்தான் பிரிச்சு விட்டேன்" என்றாள். "நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு விரக்கடை."

"எங்கிட்ட சொல்லல?"

"வேலையிலேர்ந்து வர்றப்ப உங்க மூஞ்சியப் பாக்கணுமே. இதுல பேன்ட்டும் இறுக்குதுன்னு வேற எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் தன் முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தான் அவள் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அது எண்பத்துநாலைவிடக் கனமாக இருந்தது.

மறுநாளே களத்தில் குதித்தார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. சுவரில் அட்டவணை, புது ஷூ, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம், மூன்று வேளையும் பச்சைக் காய், ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கை. முதல் நாள் ஓடினார். இரண்டாம் நாள் ஓடினார். மூன்றாம் நாள் நடந்தார். நாலாம் நாள் ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. நாய்க்குட்டியோடு ஒருவர் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாளிலிருந்து அந்தப் புது ஷூ கட்டிலுக்கு அடியில் ஓய்வெடுத்துக்கொண்டது. பச்சைக் காயைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மனைவிதான் கேட்டாள், ஒரு நாளைக்கு எத்தனை கட்டடம் போகிறீர்கள் என்று. ஏழு என்றார். மொத்தம் எத்தனை மாடி? அவர் விரல் விட்டு எண்ணினார். நாற்பதுக்கு மேல் வந்தது.

"நாப்பது மாடி காலடியிலயே கிடக்கு. அத விட்டுட்டு இருட்டுல போய் எவனோ துரத்துற மாதிரி ஓடுவானேன்?"

படி! அவருக்கு அது தோன்றவே இல்லை. மீன் விற்கிறவருக்குத் தன் வீட்டில் மீன் சமைக்கலாம் என்று தோன்றாததுபோலத்தான். மறுநாள் முதல் கட்டடத்தில் லிஃப்ட்டைத் தாண்டி நடந்து படியில் கால் வைத்தார். முதல் மாடி ஜம்மென்று போனார். இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்தார். மூன்றாவதில் நெஞ்சு தடதடவென்று அடித்தது. எதிரே வந்த ஓர் அம்மா என்ன ஆச்சு என்று கேட்க, கைப்பிடி ஆடுகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தார். அந்த வாரம் முழுக்க ஊரில் உள்ள எல்லாக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக் கைப்பிடியையும் அவர் ரொம்ப அக்கறையாகப் பரிசோதித்தார்.

அடுத்த வாரம் கைப்பிடி நாலாவது மாடிக்குப் போனது. டப்பா திறக்கப்பட்டது. அதற்கு வெல்டர் ஒத்தாசை செய்தார். மத்தியானம் இருபது நிமிஷம் போனை அவர் வாங்கி வைத்துக்கொள்வார், மாட்டிக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்வார், நம்மவர் சாப்பிடுவார். இவர் ஒதுக்கிவைத்த பிஸ்கட்டையும் வெல்டரே வாங்கிக்கொண்டார். வீணாகப் போகக் கூடாதே.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மேனேஜரிடமிருந்து அவசர அழைப்பு. ஒரே வாரத்தில் பதினேழு புகார்! லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரு புகாரும் இல்லை. உங்கள் லிஃப்ட் ஆளே லிஃப்ட்டில் ஏறாமல் படியில் போகிறாரே, அப்படியானால் அதில் என்ன கோளாறு என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு கட்டடத்தில் எட்டு வீட்டுக்காரர்கள் லிஃப்ட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். இன்னொன்றில், மூன்றாவது மாடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, லிஃப்ட்டில் ஏதோ கண்டு பயந்துபோய் ஓடிவருகிறார் என்று கிளப்பிவிட்டிருந்தார்கள்.

யூனிஃபார்மோடு படியில் காலை வைத்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். சிரிக்காமல்தான் சொன்னார்.

இதைக் கேட்டு மனைவி மெஷின்மேல் சாய்ந்து சிரித்த சிரிப்பில் நூல் சுற்றிய பாபின் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத் துணியில் ஒரு சட்டை வெட்டினாள். ஆரஞ்சு நிறம், முழுக்கக் கிளி. கட்டட வாசலில் அவர் யூனிஃபார்முக்கு மேல் கிளிச் சட்டையை மாட்டிக்கொள்வார், மாடி ஏறுவார், மேலே லிஃப்ட்டின் மோட்டார் இருக்கிற அறைக்குப் போனதும் கழற்றுவார். வேலை முடிந்தால் மறுபடி கிளி. யாரோ விருந்தாளி என்று சனங்கள் வழிவிட்டார்கள். புகார் நின்றது.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். ஒரு நாள் காலை அவர் கீழே இறங்கி மறுபடி ஏறக் கிளம்பியபோது மனைவியும் செருப்பை மாட்டினாள். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து எனக்கும்தான் இடுப்பு பிடிக்கிறது, உங்களுக்கு மட்டும்தான் உடம்பா என்று கேட்டாள். அதிலிருந்து தினமும் இரண்டு பேரும் ஐந்து தடவை ஏறி இறங்கினார்கள். ஏறும்போது பேச மூச்சு இருக்காது, இறங்கும்போது பேசித் தீர்த்தார்கள். யார் எந்த ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வரவில்லை, எந்தக் கட்டடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்று ஒன்றரை வருஷப் பாக்கி அத்தனையும் அந்தப் படிகளில்தான் பேசி முடிந்தது. இரண்டாவது மாதம் ஏறும்போதும் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேன்ட் தொளதொளத்தது. மனைவி இன்னும் அதைப் பிடித்துத் தைக்கவில்லை. அவசரப்பட வேண்டாம், எழுபது வரட்டும் என்றாள். அவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

கடைசியில் அந்த நாள் வந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேனேஜர், வெல்டர், கண்ணாடியும் கோப்புமாக இன்ஸ்பெக்டர் அம்மா, பேப்பர் கடையிலிருந்து கொண்டுவந்த தராசு. இருபத்துநாலு கட்டியும் லிஃப்ட்டுக்குள் அடுக்கியாகிவிட்டது. மனைவியும் தோள்பையோடு வந்திருந்தாள். இப்படி ஒரு நாளில் நான் வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைப்பேனா என்றாள்.

எழுபது செருப்பைக் கழற்றினார். பெல்ட் கொக்கி இரும்பு என்று பெல்ட்டையும் கழற்றினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதனால் எடை குறையும் என்பதுபோல, மெதுவாகத் தராசில் ஏறினார்.

எழுபத்தாறு.

மூன்று மாதத்தில் எட்டு கிலோ. வேறு எந்த இடமாக இருந்தாலும் கை தட்டியிருப்பார்கள். இங்கே அது ஆறு கிலோ கூட. அவர் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று பார்க்கிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பன்னிரண்டு வருஷம் அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். வலித்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெல்டரைக் கைகாட்டினார். வெல்டர் நெளிந்தார். ஸ்பானர் எதுவும் வேண்டாம் சார் என்று முனகியபடி ஏறினார்.

எழுபத்தொன்பது.

தராசை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்கள். எழுபத்தொன்பதேதான். மூன்று மாதமாகப் போன் யார் கையில் இருந்தது? டப்பாவைத் திறக்க நேரமில்லாமல் போனது யாருக்கு? பிஸ்கட் பாக்கெட் எங்கே போனது? வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு தராசின்மேலேயே நின்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் பாக்கறீங்க? நான் கையெழுத்துப் போட வந்தவ" என்றார் அவர்.

அப்போதுதான் மனைவி, வெல்டர் இறங்குவதற்காகக் காத்திருந்தவள்போல, தராசில் ஏறிவிட்டாள். சும்மா, நம்முடையது என்ன என்று பார்க்கத்தான் ஏறினாள். முள் ஆடி ஆடி எழுபத்தொன்றில் நின்றது. மேனேஜர் கிட்டே வந்து குனிந்தார். மனைவி ஏதோ ஞாபகம் வந்தவளாகத் தோள்பையை இறக்கிவைத்தாள். அதில் அவளுடைய பெரிய வெட்டுக் கத்தரிக்கோல் இருந்தது.

எழுபது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெல்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேனேஜர். இன்ஸ்பெக்டர் அம்மா கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். ஆள் யாராக இருந்தால் என்ன, எடை எடைதானே, பொத்தானை அமுக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். மெஷின் மிதிக்கிறவளுக்குப் பொத்தான் ஒரு கஷ்டமா?

நம்மவருக்கு ஒரு விநாடி சுருக்கென்றது. அடுத்த விநாடி, அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் நின்ற தோரணையைப் பார்த்தார். அட, அப்படியே நான்! சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பேர் எங்கேயும் போகவில்லை, வீட்டோடுதான் இருந்தது.

லிஃப்ட் கத்தவில்லை.

ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவைத் திறந்து, லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக நிற்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். அது வெல்டரின் வேலை. வெல்டர் படியைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். அதற்குள் நம்மவர் கிளம்பிவிட்டார்.

முதல் மாடியில் கதவு திறந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். மட்டத்தைப் பார்த்தார், சரி என்று கை காட்டினார், ஓடினார். இரண்டாவதில் நின்றார். மூன்றாவதில் நின்றார், அங்கே கைப்பிடி எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. ஐந்தாவது மாடியில்தான் பெல்ட் கீழ்த்தளத்தில் கிடப்பது ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் உள்ளே இருபத்துநாலு கட்டிக்கு நடுவில் அவள். வெளியே ஒரு கையில் அளவுகோலும் ஒரு கையில் இடுப்புமாக அவர். ஏழாவது மாடியில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்பதாவதில் இவருக்கும்.

பன்னிரண்டாவது மாடியில் கதவு திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, பேன்ட்டைத் தவிர.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது.

அவள் கதவு மூடாமல் இருக்கப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தையல்காரியின் கண்ணோடு அவர் இடுப்பை அளந்தாள். இன்றைக்கே பேன்ட்டைப் பிடித்துத் தருவதாகச் சொன்னாள். அவருக்கு வீரம் வந்துவிட்டது.

"பிடிச்சுட்டு மிச்சத் துணிய வெட்டிப் போட்டுடு. இனிமே பிரிக்கவே முடியாதபடி."

அவள் தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"ஒரு விரக்கடை உள்ள விட்டுத்தான் தைப்பேன். வேலை மறுபடியும் வரும்ல? ஆனா அடுத்த தடவை பிரிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லுவேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து மேனேஜர், லிஃப்ட் அங்கேயே நிற்கிறதே, ஏதாவது கோளாறா என்று கத்திக் கேட்டார். ஒன்றும் இல்லை சார், எல்லாம் மட்டமாக இருக்கிறது என்று இவர் பதில் குரல் கொடுத்தார். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கதவு மூடியது. அவர் பேன்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் கீழே போய்ச் சேர, படியில் இறங்கினார்.